கதவில்லாத ஆடம்பரம்: நகர் நடுவே லாஃப்ட் வீடு வாங்கலாமா?

நாற்பதை நெருங்கும் வாசகி ஒருவர், பெயரும் ஊரும் வேண்டாம் என்ற குறிப்புடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர், 9 வயது மகன், ஆண்டில் பாதி நாள் உடன் தங்கும் 72 வயது மாமியார் ஆகியோருடன் புறநகரில் மூன்று படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். அதை விற்றுவிட்டு, நகரின் மையத்தில் பழைய நூற்பாலை ஒன்றைப் புதுப்பித்து உருவாக்கிய 14 லாஃப்ட் வீடுகளில் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பதில் கணவர் உறுதியாக இருக்கிறார். தளத்திலிருந்து கூரை வரை 17 அடி உயரம். பூசாத செங்கல் சுவர், வார்ப்பிரும்புத் தூண்கள், மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. அறைகளே இல்லாத ஒரே கூடம். சுழல்படி ஏறினால் மெசனைன் எனப்படும் இடைத்தளத்தில் படுக்கை. மாமியாருக்கு இடைத்தளத்தின் அடியில் ஒரு மூலை, மகனுக்கு ‘பிறகு ஒரு அறை தடுத்துக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதி. குளியலறை கீழே மட்டுமே. கணவருக்கு அலுவலகம் நடந்து போகும் தூரம். வாசகி வீட்டிலிருந்தே வேலை செய்பவர். “பார்த்தவுடன் எனக்கும் பிடித்துத்தான் போனது. ஆனால் ஏதோ உறுத்துகிறது. அதைச் சொன்னால் ‘உனக்கு ரசனை இல்லை’ என்கிறார். ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். வேண்டாம் என்று சொன்னால் அவருடைய கனவைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனோ?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டடக் கலைஞன் என்ற முறையில், வாங்கப்போகிறவர்களுக்காக வீடுகளைப் பரிசோதித்துக் கருத்துச் சொல்வதும் என் தொழிலில் ஒரு பகுதி. நீங்கள் அனுப்பிய வரைபடத்தையும் விற்பனைக் குறிப்பையும் படித்தேன். உங்கள் உறுத்தலுக்கும் ரசனைக்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் ஒரு மாலை நேரத்தில் அந்தக் கூடத்தில் நின்றபோது கண்ட அழகும் உண்மைதான். அந்தக் கூடத்தில் நான்கு பேர் எங்கே தூங்குவார்கள், எங்கே படிப்பார்கள், யாருடைய தொலைபேசிப் பேச்சு யார் காதில் விழும் என்று உங்களுக்குள் ஓடிய கணக்கும் உண்மைதான். இருவரும் ஒரே வீட்டை வேறு வேறு நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவே.

லாஃப்ட் வீட்டின் ஈர்ப்பு வெறும் விளம்பரத்தால் வந்ததல்ல. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் காலியானபோது, 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே குடியேறினார்கள். பெரிய படைப்புகளை நிறுத்தி வேலை செய்ய உயரம் கிடைத்தது, உயரமான சன்னல்களால் பகல் வெளிச்சம் கிடைத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வாடகை குறைவாக இருந்தது. சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடம் ஒன்றையே வாங்கி, வீடும் வேலைக்கூடமுமாக மாற்றிக்கொண்டார். ஆனால் அங்கே குடியேறிய பலருக்கு அங்கே வசிக்கச் சட்டப்படி உரிமை இல்லை. அவை தொழில் நடத்த மட்டுமே அனுமதி பெற்ற கட்டடங்கள். 1971இல்தான் கலைஞர்கள் அங்கே வசிக்கலாம் என்று, எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என வகுக்கும் மண்டல விதிகள் திருத்தப்பட்டன. இத்தகைய கட்டடங்களில் வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பாதுகாப்புத் தரவும் அந்த இடங்களைத் தீத்தடுப்பு, பாதுகாப்பு விதிகளுக்குள் கொண்டுவரவும் 1982இல் தனிச் சட்டமே வந்தது. இந்த வரலாற்றை இங்கே எடுப்பதற்குக் காரணம் உண்டு. சுவரின்மை அந்தக் கலைஞர்களுக்குத் தொழில் தேவை. உங்களுக்கு அது விலையைக் கூட்டும் அலங்காரமாக விற்கப்படுகிறது. ஆலை வீடாக மாறும்போது ஆவணங்கள் பின்தங்கிவிடுவதும் அன்று தொடங்கிய சிக்கல்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் சில அனுமானங்கள் இருக்கின்றன. அவற்றில் பல விற்பனையாளர் சொன்னவை என்று ஊகிக்கிறேன்.

1,430 சதுர அடி என்ற கணக்கு

கீழ்த்தளம் 1,050, இடைத்தளம் 380, ஆக 1,430 சதுர அடி. எனவே இப்போதைய 1,250 சதுர அடி வீட்டைவிடப் பெரியது என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தின் குறுக்குவெட்டைக் கவனமாகப் பாருங்கள். 17 அடியில் இடைத்தளத்தின் கட்டுமானத் தடிமன் ஓர் அடி போய்விடுகிறது. கீழே எட்டரை அடி, மேலே ஏழரை அடி என்று மிச்சம் பிரிகிறது. ஆகவே நீங்கள் மயங்கிய அந்த 17 அடி உயரம் இருப்பது மீதமுள்ள 670 சதுர அடிக்கு மேல்தான். உங்கள் மாமியாரின் மூலையும் சமையலிடமும் குளியலறையும் எட்டரை அடிக் கூரையின் கீழ் வருகின்றன. சாதாரண அடுக்குமாடி வீட்டின் உயரத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மேலே உள்ள ஏழரை அடியில் இன்னொரு விஷயம். படுக்கைக்கு நேர் மேலே மின்விசிறி ஒன்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. விசிறியின் இறக்கை தரையிலிருந்து குறைந்தது 7 அடி உயரத்தில் சுழல வேண்டும் என்பது தயாரிப்பாளர்களே தரும் பொதுவான அறிவுரை. ஏழரை அடிக் கூரையில் சாதாரண விசிறியைத் தண்டுடன் மாட்டினால் இறக்கை அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். உங்கள் மகன் படுக்கையின் மேல் எழுந்து நின்று கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று வரைந்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, இடைத்தளத்தைப் பரப்பளவில் சேர்க்கலாமா என்பது. பல ஊர்களின் கட்டட விதிகள் இடைத்தளத்தை அது அமைந்துள்ள அறையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் கட்டுப்படுத்துகின்றன. சில இடங்களில், சில நிபந்தனைகளோடு, பாதிவரை அனுமதி உண்டு. 1,050இல் மூன்றில் ஒரு பங்கு 350. உங்கள் வரைபடத்தில் 380 இருக்கிறது. இது தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊர் விதி அதை அனுமதிக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த 380 சதுர அடி காட்டப்பட்டிருக்கிறதா, பதிவுசெய்யப்படும் பத்திரத்தில் பரப்பளவு 1,050 என்று வருமா 1,430 என்று வருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் 1,050க்கு மட்டும் மதிப்புப் போட்டால், மீதிப் பரப்புக்கான விலை முழுவதும் உங்கள் கைப்பணத்திலிருந்து போக வேண்டியிருக்கும்.

உயரம் என்றால் குளிர்ச்சி, பழைய சுவர் என்றால் அமைதி?

‘கூரை உயரமாக இருப்பதால் வீடு குளிர்ச்சியாக இருக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய காலத்து உயரமான வீடுகள் குளிர்ச்சியாக இருந்தது உயரத்தால் மட்டும் அல்ல. தடித்த சுவர், நிழல் தரும் தாழ்வாரம், அளவான சன்னல், மேலே சூடான காற்று வெளியேறத் திறப்புகள் ஆகியவை சேர்ந்து அந்தக் குளிர்ச்சியைத் தந்தன. நீங்கள் அனுப்பிய படத்தில் மேற்குக் கண்ணாடியின் கீழ் இரண்டு பலகைகள் மட்டுமே திறக்கும்படி இருக்கின்றன. சூடான காற்று மேலே ஏறும். வெளியேற வழியில்லாவிட்டால் அங்கேயே தங்கும். அது தங்கும் இடத்தில்தான் உங்கள் படுக்கை இருக்கிறது. பிற்பகல் முழுவதும் மேற்கு வெயிலை வாங்கிய கூடத்தில், கீழே உட்கார்ந்திருப்பவர் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்வார், மேலே படுத்திருப்பவர் கூட்டச் சொல்வார். குளிர்காலத்தில் இதே கதை தலைகீழாகும்: வெப்பமூட்டும் செலவு மேலே போய்ச் சேரும், கால் சில்லிட்டுக் கிடக்கும். மின்கட்டணத்தைக் கூட்டுவதில் கூடத்தின் கொள்ளளவைவிடக் கண்ணாடிக்குப் பங்கு அதிகம். ஆகவே கண்ணாடி ஒற்றை அடுக்கா இரட்டை அடுக்கா, வெளிப்புறத்தில் நிழல் தடுப்பு மாட்டக் கட்டடச் சங்கம் அனுமதிக்குமா என்ற இரண்டையும் கேளுங்கள். உள்ளே திரை போட்டால் கண் கூசாது; ஆனால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தின் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கும்.

ஓசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் உறுத்தலுக்கு இதுவே மூலகாரணம் என்று நினைக்கிறேன். ஒரு கூடத்தில் ஒலி அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் கொள்ளளவுக்கு நேர்விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் பொருள்களின் அளவுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1890களின் இறுதியில் கண்டறிந்தார். லாஃப்ட் கூடத்தில் கொள்ளளவு பெரியது. செங்கல், கான்கிரீட், இரும்பு, கண்ணாடி எதுவும் ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது. அடுத்த முறை போகும்போது கூடத்தின் நடுவில் நின்று கையை ஒரே ஒரு முறை பலமாகத் தட்டிப் பாருங்கள். ஓசை எவ்வளவு நேரம் தொங்கி நிற்கிறதோ அவ்வளவு நேரம் கரண்டி விழும் சத்தமும், மகனின் விளையாட்டும், கணவர் பார்க்கும் தொலைக்காட்சியும் உங்கள் அலுவலகக் கூட்டத்துக்குள் நுழையும். தரை விரிப்பு, கனத்த திரை, துணிப் பலகைகள் ஆகியவற்றால் இதை நன்றாகவே குறைக்கலாம். கதவு ஒன்றைச் சாத்திக்கொண்டு பேசும் நிம்மதி அதனாலும் வராது.

பழைய ஆலைச் சுவர் தடிப்பானது, அண்டை வீட்டுச் சத்தம் கேட்காது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. தடித்த சுவர்கள் வெளிப்புறச் சுவர்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருப்பவை புதுப்பித்தபோது எழுப்பிய புதுத் தடுப்புகள். அவை எப்படிக் கட்டப்பட்டன என்பதைப் பொறுத்தது எல்லாம். தளங்கள் மர உத்திரங்களில் நிற்கின்றன என்று விற்பனைக் குறிப்பே பெருமையாகச் சொல்கிறது. மரத் தளத்தில் மேல்வீட்டுக்காரர் செருப்போடு நடந்தால் கீழே கேட்கும்; பேச்சொலியைத் தடுப்பதைவிட இந்த மோதல் ஒலியைத் தடுப்பது கடினம். நீங்கள் அந்த வீட்டை ஞாயிறு காலையில் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கும், சரக்கு வண்டிகள் வரும் விடியற்காலையிலும் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். முடிந்தால் மேல்வீட்டில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போங்கள்.

‘பிறகு சுவர் எழுப்பிக்கொள்ளலாம்’

இதுதான் நான் மறுத்தே ஆக வேண்டிய அனுமானம். மகனுக்கு அறை தடுப்பதென்றால் இரண்டு வழிகள் உண்டு. எட்டு அடி உயரத்துக்கு அரைச்சுவர் எழுப்பினால் பார்வை மறையும், ஓசை மேலே ஏறித் தாண்டிவிடும். 17 அடிக்கும் சுவர் எழுப்பினால், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வரும் அந்தக் கூடத்தில் ஒரு பகுதி இருண்டுபோகும். சன்னல் இல்லாத அறையைப் படுக்கையறையாகப் பல ஊர்களின் விதிகள் ஏற்பதில்லை. சன்னல் பக்கமாகத் தடுத்தால் கூடம் சன்னலை இழக்கும். இதோடு குளிர்சாதனக் குழாய், மின்தடம், தீயணைப்பு நீர்த்தெளிப்பான் ஆகியவற்றையும் மாற்றி அமைக்க வேண்டும். அவற்றுக்குச் சங்கத்தின் அனுமதி தேவை, கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் அதற்குமேலும் ஓர் அனுமதி.

இந்தச் செலவையெல்லாம் செய்து முடித்தபின் உங்களிடம் மிஞ்சுவது என்ன? நீங்கள் இப்போது குடியிருப்பதைப் போன்ற, ஆனால் அதைவிட இருட்டான, அறைகள் உள்ள ஒரு வீடு. லாஃப்டுக்காகக் கொடுத்த கூடுதல் விலை அந்தத் திறந்த வெளிக்காகக் கொடுத்தது. குடும்பம் வாழ்வதற்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்த வெளியை வெட்டித்தான் ஆக வேண்டும். சுவர் தேவைப்படும் குடும்பம் சுவரின்மைக்கு விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாமியாரைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். 72 வயதில் உடை மாற்றவும், மதியம் கண்ணயரவும், உடல்நலமில்லாத நாளில் படுத்திருக்கவும் ஒருவருக்குக் கதவுள்ள இடம் வேண்டும். அவர் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார் என்பதால் நீங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்களோ கணவரோ நள்ளிரவில் குளியலறைக்குப் போக வேண்டுமானால் சுழல்படியில் இறங்க வேண்டும். அதன் படிகள் உள்பக்கம் ஆப்பு வடிவில் ஒடுங்குபவை, தூக்கக் கலக்கத்தில் கால் வழுக்குவது அந்தப் பக்கம்தான். இடைத்தளக் கைப்பிடியில் நான்கு அங்குல விட்டமுள்ள பந்து நுழையாதபடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. விற்பனைப் படத்தில் தெரியும் கிடைமட்டக் கம்பிகள் ஏணி போலக் கால் வைத்து ஏற வசதியானவை. நண்பர்களோடு விளையாடும் 9 வயதுப் பையன் அதை விட்டுவைக்கமாட்டான்.

தீ விபத்து நேர்ந்தால் புகை மேலே ஏறும். திறந்த இடைத்தளத்தில் தூங்குகிறவர்கள் அந்தப் புகையில்தான் கண்விழிக்க வேண்டியிருக்கும், தப்பிக்கும் படியும் அதே கூடத்துக்குள் இறங்குகிறது. மேல்தளத்தில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, தப்பிக்க இரண்டாவது வழி உண்டா என்பதைக் கேட்காமல் எந்த லாஃப்டையும் வாங்காதீர்கள்.

ஆலையின் பழைய கணக்குகள்

நூற்பாலையில் எந்திர எண்ணெயும் சாயமும் கரைப்பான்களும் புழங்கியிருக்கலாம். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், குழாய்க் காப்பில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்க வாய்ப்பு உண்டு. புதுப்பித்தபோது எடுத்த பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அந்த அழகான செங்கல் சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் சிவப்புத் தூள் ஒட்டினால், மணல் பீய்ச்சிப் பழைய பூச்சை உரித்தபோது செங்கலின் சூளையில் வெந்த கெட்டியான மேல்தோலும் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். அத்தகைய சுவர் ஈரத்தை எளிதில் வாங்கும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது.

பராமரிப்புச் செலவில் எண்ணிக்கையைக் கவனியுங்கள். நூறு வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் மின்தூக்கிச் செலவை இங்கே 14 வீடுகள் பங்கிட வேண்டும். கூரையோ முகப்போ பழுதானால் சங்கம் சிறப்பு வசூல் போடும். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, கடந்த சில ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேட்டில் எந்தப் பழுது தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் வரப்போகும் செலவு தெரிந்துவிடும். 17 அடி உயரத்தில் ஒரு விளக்கு மாற்றவும் ஆள் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் சில்லறை விஷயம், ஆனாலும் சில்லறையும் சேரும்.

‘நகர மையத்து முகவரியின் விலை ஒருபோதும் இறங்காது’ என்று உங்கள் கணவர் சொல்வதில் முகவரியைப் பற்றிய பகுதி ஓரளவு சரி. ஆனால் நீங்கள் வாங்குவது முகவரியை மட்டும் அல்லவே. மூன்று படுக்கையறை வீட்டை வாங்க எல்லா வகைக் குடும்பங்களும் வரும். சுவரில்லாத வீட்டை வாங்க வருபவர்கள் குறைவு. சந்தை சூடாக இருக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. மந்தமான காலத்தில் அவசரமாக விற்க நேர்ந்தால், அந்த ஒரு ரசனையாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

என் கருத்து

தனியாக வாழ்பவரோ, பிள்ளைகள் இல்லாத இணையரோ, ஓவியமோ நடனமோ தொழிலாகக் கொண்டவரோ இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால், ஆவணங்கள் சரியாக இருக்கும்பட்சத்தில் வாங்குங்கள் என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பேன். அந்த வெளிச்சத்தில் காலையில் எழுவதும், பயணத்தில் வீணாகும் நேரம் மிச்சமாவதும், நண்பர்கள் நிறைந்த ஒரு மாலையும் சாதாரண வீட்டில் எளிதில் கிடைக்காத இன்பங்கள். உங்கள் நால்வருக்கு, இந்தக் குறிப்பிட்ட வீடு பொருந்தாது என்பதே என் மதிப்பீடு. 14 வீடுகளில் சுவருள்ள இரண்டு படுக்கையறைகளும் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் கொண்ட மூலைவீடு ஏதேனும் இருந்தால் அதைப் பார்க்கலாம். சில புதுப்பிப்புகளில் அப்படியும் அமைப்பார்கள்.

கணவரிடம் ‘வேண்டாம்’ என்று தொடங்காதீர்கள். அவருடைய ஆசையில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன: அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரம் ஒன்று, உயரமான வெளிச்சக் கூடம் இன்னொன்று. முதலாவது நகர மையத்தில் அறைகள் உள்ள வீட்டிலும் கிடைக்கும். இரண்டாவதுதான் அவருக்கு முக்கியம் என்றால், இப்போதைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, இதே போன்ற ஒரு லாஃப்டில் வெயில் காலம் ஒன்றையும் சேர்த்து ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். மாமியார் உடன் தங்கும் மாதங்களும் அதில் வர வேண்டும். அந்த ஆண்டின் முடிவில் நீங்களே மனம் மாறியிருக்கவும் கூடும். அப்போது வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு வாரக் கெடு உங்களுக்காக வைக்கப்பட்டதல்ல, விற்பவருக்காக வைக்கப்பட்டது. எதையும் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள்: இந்தக் கட்டடத்தில் குடியிருக்கலாம் என்று உள்ளாட்சி அமைப்பு தந்த சான்றிதழ், இடைத்தளத்தைக் காட்டும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சங்கத்தின் கணக்கும் கூட்டக் குறிப்பேடும். ஏதோ காரணத்தால் முன்பணம் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், இந்த ஆவணங்களில் குறை தெரிந்தாலோ வங்கி 1,430 சதுர அடிக்கு மதிப்பிட மறுத்தாலோ முழுத்தொகையும் குறிப்பிட்ட நாளுக்குள் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிபந்தனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம். ஆவணங்கள் கைக்கு வந்தால் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், இடைத்தளக் கணக்கை நான் சரிபார்த்துச் சொல்கிறேன்.